ஓரத்தில் எழுதிய காரணம்

நோயாளிகளைப் பேசவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எடுப்பதற்கு இப்போது தனிப் பயிற்சியே இருக்கிறதாம். நர்ஸிங் கல்லூரியில் பாடம் நடத்தும் என் நாத்தனார் மகள் சொன்னாள். எழுபதுகளில் நான் அதைச் செய்தபோது அதற்கு வேலை தெரியாமை என்று பெயர்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சைதாப்பேட்டையில் ஒரு காசநோய் மருந்தகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். மருந்து வாங்க வராதவர்களின் வீட்டுக்குப் போய், காரணம் கேட்டு, படிவத்தில் டிக் போட வேண்டும். அலட்சியம், அறியாமை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றைத் தவிர வேறு காரணம் நோயாளிகளுக்கு அனுமதிக்கப்படவில்லை. தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் பூக்கட்டும் ஒரு அம்மா இரண்டு வாரமாக வரவில்லை. புதியவர்களிடம் கேள்வி கேட்க எனக்கு நா எழாது. அவர் வீட்டுக்குப் போய், கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். மறுபடி கொடுத்தார். அதையும் குடித்தேன்.

“இன்னாம்மா, தண்ணி குடிக்கவா வந்த?” என்றவர், பூவைக் கட்டிக்கொண்டே அவரே ஆரம்பித்தார். “பொண்ணுக்கு நிச்சயம் ஆயிகீது. உங்க க்யூ பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல நிக்குது. மாப்பிள்ளையோட அம்மா அங்கதான் பஸ் ஏறுது. நான் இருமிக்கினு நின்னா இந்தக் கல்யாணம் நடக்குமா? தையில முகூர்த்தம். அப்புறம் வர்றேன்.”

தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவர் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

மயிலாப்பூரிலிருந்து வரும் மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். “கட்டத்துல டிக் போடச் சொன்னா தொடர்கதை எழுதிண்டு வந்திருக்கியேம்மா! அறியாமைன்னு போடு.”

“அவங்களுக்கு எல்லாம் தெரியுது சார்,” என்றேன், மேஜையைப் பார்த்தபடி. அங்கே நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

மருந்தகத்து டாக்டரம்மா படிவத்தின் ஓரத்தைப் படித்துவிட்டு, “பின்பக்கமா வரச் சொல்லு, நானே தர்றேன்,” என்றார். மூன்றாவது வாரம், பெயர் அடிபடுவதற்குள், அந்த அம்மா பூக்கூடையோடு பின்வாசலில் நின்றார். அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை. ஆண்டறிக்கையில் அவர் ‘அறியாமை’யிலேயே இருந்தார்.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். தாலி கட்டி முடியும்வரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, “நீங்க யாரு? பொண்ணு வீட்டுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“இவங்களா? தினம் என்கிட்ட பூ வாங்குறவங்க!” என்றார் பூக்கார அம்மா.

சம்பந்தியம்மாள் என் வெறுந்தலையைப் பார்த்தார்.

“இன்னிக்கு மட்டும் மறந்துட்டாங்க,” என்று சொல்லிக்கொண்டே, அந்த அம்மா ஒரு முழத்தை என் பின்னலில் செருகினார். நான் தலையாட்டினேன்.