சலவைக்கடைக்காரியின் முறைப்பாடு

எங்கட வீட்டில கோபக்காரி நான். என்ர மனுசன் ஒரு ஆளோட முகம் முறிச்சுக் கதைச்சு நான் கண்டதில்லை. அப்பிடியிருக்க, ஒரு பொம்பிளையை வெருட்டினார் எண்டு பொலிஸ் தேடி வந்தது அவரைத்தான். என்னைத் தேடி வந்திருந்தாலும் அதில ஒரு நியாயம் இருந்திருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனியில, கெல்சென்கிர்ச்சனுக்கு வடக்க ஒரு சின்னப் பட்டினத்தில இருந்தம். நான் ஆஸ்பத்திரிக் குசினியில வேலை. அவர் ஒரு தொழிற்சாலையில இயந்திரவேலை பழகிக்கொண்டிருந்தார். பாதி படிப்பு, பாதி வேலை. இஞ்ச அதை அவுஸ்பில்டுங் எண்டுவினம். அதில அவருக்குக் கடைசி வருசம். கோடை முடியேக்க சோதனை. பாஸ் பண்ணினால் அங்கேயே நிரந்தர வேலை. ஆனால் எங்கட விசா சோதனைக்கு முதலே முடியுது. அதை நீட்டித் தந்தால் சோதனை, தராட்டில் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிக்கிறன், கதவில தட்டிக் கேக்குது. திறந்தால் சீருடையோட ரெண்டு பேர். "உங்கட கணவரில ஒரு முறைப்பாடு வந்திருக்கு, எங்களோட வரவேணும்" எண்டார் ஒருவர். இவர் ஒண்டும் கேக்காமல் குனிஞ்சு சப்பாத்தைப் போட்டார். கேக்கவேண்டியதெல்லாம் நான்தான் கேட்டன். குசினியில பழகின டொச்சுப் பாஷை என்ரது, கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் ஆருக்கும் விளங்கும். "அதெல்லாம் பொலிஸ் கந்தோரில சொல்லுவினம்" எண்டு அவை இவரைக் கூட்டிக்கொண்டு போட்டினம். எதிர்வீட்டு யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. எனக்கு மானமே போட்டுது.

பின்னேரம் வந்து சேர்ந்தார். முறைப்பாடு குடுத்தது சலவைக்கடைக்காரியாம். எங்கட பஸ் தரிப்புக்கு நேர் எதிரில இருக்கிற கடை. இவற்ற ஒரேயொரு நல்ல கோட்டைக் குடுக்க, கோட்டுக் கையில ஸ்திரிக்கைப் பெட்டி சுட்ட அடையாளத்தோட திருப்பித் தந்தவ. கேக்கப் போனவரிட்டை, அது முதலே அப்பிடித்தான் இருந்தது எண்டு சொல்லியிருக்கிறா. "நீங்கள் என்ன சொன்னீங்கள்?" எண்டு நான் அண்டைக்கே கேட்டனான். "ஒண்டும் சொல்லேல்லை, வந்திட்டன்" எண்டவர். அதுக்கே நான் ஒரு கிழமை ஏசினனான்.

இப்ப அவ சொல்லுறா, இவர் தன்னை வெருட்டினவராம், அண்டையில இருந்து ஒவ்வொரு காலமையும் கடைக்கு முன்னால நிண்டு தன்னையே பாக்கிறாராம். பின்ன, பஸ்ஸுக்கு நிக்கிற மனுசன் எங்க பாக்கிறது? இவர் பொலிசில சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொல்லியிருக்கிறார், தான் ஒரு சொல்லும் பிழையாய்ச் சொல்லேல்லை எண்டு. அவவும் அப்பிடித்தான் உறுதியாய் நிண்டிருக்கிறா. பொலிஸ் பக்கத்தில இருந்து பாத்தால் ரெண்டில ஒராள் பொய் சொல்லவேணும். பாஸ்போட்டைக் காட்டவேண்டிய ஆள் அவ இல்லையே, இவர்தானே.

திங்கக்கிழமை வெளிநாட்டவர் கந்தோருக்குப் போனம். அங்க இருந்தவ பாஸ்போட்டை வாங்கி, தொலைபேசியில ஆரோடயோ கதைச்சு, திருப்பித் தந்தா. வழக்கு முடியாமல் விசா நீட்ட ஏலாதாம்.

"சரி, விடும். வாறது வரட்டும்" எண்டார் இவர், படியில இறங்கேக்க.

"நீங்கள் விடுங்கோ. நான் விடமாட்டன்" எண்டன். விட்டால் நான் மனுசியில்லை எண்டு அந்தப் படியிலேயே நினைச்சன்.

அதுக்குப் பிறகு காலமை வேலை முடிய, வெங்காய மணத்தோட, நான் நேரே போறது மாவட்டப் பொலிஸ் கந்தோருக்குத்தான். எங்கட ஊரில எண்டால் விதானையார் ஒராளே போதும். களவு, வேலிச் சண்டை, மாடு துலைஞ்சது, எல்லாத்துக்கும் அவர்தான். இஞ்ச ஒவ்வொரு அலுவலுக்கும் ஒவ்வொரு கதவு. ஒரு கதவுக்காரருக்கு மற்றக் கதவுக்குள்ள நடக்கிறது தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லாயினம். சுஸ்ரெண்டிக் எண்டு அவையிட்டை ஒரு சொல் இருக்கு. பொறுப்பு ஆற்ற கையில எண்டதுக்கு. தான் சுஸ்ரெண்டிக் இல்லை எண்டு ஒருத்தர் சொல்லிப்போட்டார் எண்டால் பேந்து கடவுள் வந்தாலும் ஏலாது.

கீழ்த்தளத்தில சீருடைக்காரர். தொலைபேசி அடிச்சால் ஓடிப்போறது, சண்டையை விலக்கிறது, நடந்ததைக் கேட்டு எழுதிறது, இதுதான் அவையின்ர வேலை. எழுதி மேல அனுப்பினால் அவையின்ர பாடு முடிஞ்சுது. "உங்கட அலுவல் மேல போட்டுது" எண்டார் மேசையில இருந்தவர். மேல எண்டால் எந்த அறை எண்டு கேட்டதுக்கு, அது தன்ர அலுவல் இல்லை எண்டார்.

நான் கதவு மாறி வீதிப் பிரிவுக்குள்ள போட்டன். அங்க ஒருத்தர் மேசையில விளையாட்டுக் கார்களை வைச்சு, எது எதில இடிச்சுது எண்டு உருட்டி உருட்டிப் பாத்துக்கொண்டிருந்தார். என்ர கதையை முழுக்கக் கேட்டார், பாவம், நல்ல மனுசன். "உங்கட கணவர் அவவைக் காரால இடிச்சிருந்தால் நான் உதவி செய்திருப்பன்" எண்டார். பகிடி விடேல்லை, உண்மையாய்த்தான் சொன்னவர். வெளி முற்றத்தில ஒராள் பொலிஸ் நாய்க்கு மயிர் வாரிக்கொண்டு நிண்டார். துலைஞ்ச ஆக்களைத் தேடுறது அவையின்ர வேலையாம், என்னைப் போல வழி துலைஞ்ச ஆக்களையும் சேர்த்து எண்டு சொல்லிச் சிரிச்சு, மாடிப்படியைக் காட்டினார். படிக்குப் பக்கத்தில இன்னொருத்தர் சூப் வாளியோட கீழ்க் கூடுகளுக்கு இறங்கினார். பிடிச்ச ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கிறதும் நீதிமன்றத்துக்கு ஏத்தி இறக்கிறதும் அவற்ற பொறுப்பு. அந்த வாளியைக் கண்ட உடன இவரை அங்க இருத்தி வைச்ச மாதிரி ஒரு நினைப்பு வந்து, படியை விறுவிறெண்டு ஏறிப்போட்டன்.

மேல குற்றப் பிரிவு. எங்கட பாஷையில சி.ஐ.டி. சீருடை இல்லை. களவுக்கு ஒரு கதவு, ஏமாத்துக்கு ஒரு கதவு, அடிக்கிறது வெருட்டுறதுக்குக் கடைசிக் கதவு. அந்தக் கடைசிக் கதவுக்காரர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எந்த நேரமும் மூக்குச் சீறிக்கொண்டிருப்பார். முதல் தரம் போகேக்க ஆளில்லை. ரெண்டாந்தரம் வேற அலுவல். அடுத்த தரம் கதவடியில கதிரையைப் போட்டு இருந்திட்டன், கதைக்காட்டில் இவ போகமாட்டா எண்டு கண்டுதான் உள்ளுக்க கூப்பிட்டார்.

"பெரிய விசயம் இல்லைத்தான்" எண்டார். "ஆனால் உங்கட கணவர் மறுக்கிறார், அந்தப் பெண்மணி உறுதியாய்ச் சொல்லுறா. நான் என்ன செய்யிறது?"

"அவ என்னத்தைத்தான் சொல்லுறா?"

"கோட்டைப் பற்றி வாய்த்தர்க்கம். பேந்து வாசலில நிண்டு, நான் திரும்பி வருவன் எண்டு சொல்லியிருக்கிறார். அதுவும் சிரிச்சுக்கொண்டு. அந்தச் சிரிப்புத்தான் தன்னை நித்திரை கொள்ள விடேல்லை எண்டுறா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவரோ? சுட்ட கோட்டைத் திருப்பிக் கேக்கவே ரெண்டாந்தரம் போகாத மனுசன். அந்தக் கடை வாசலுக்கே திரும்பிப் போகமாட்டார்" எண்டு கத்தினன். அவர் கையை விரிச்சார். இனி இந்த ஆளோட கதைச்சு என்ன எண்டு கைப்பையை எடுத்தன், எழும்பினன், கதவடிக்குப் போனன். என்ன கோபமெண்டாலும் ஒரு இடத்தில இருந்து வெளிக்கிடேக்க சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேணும். தலையை ஆட்டிச் சொன்னன்: "சரி, நான் போட்டு வாறன்." டொச்சிலதான் சொன்னன்.

அவர் மூக்குச் சீறினதை நிப்பாட்டினார். "இப்ப நீங்கள் என்னை வெருட்டுறீங்களா?"

"நான் எங்க வெருட்டினன்? போட்டு வாறன் எண்டுதானே…"

எண்டு சொல்லி முடிக்கேல்லை, எனக்குப் பளிச்செண்டு விளங்கிச்சுது. கோதாரி, இதுதான் நடந்திருக்கு. இவர் வாசலில நிண்டு, எந்த வீட்டில இருந்து வெளிக்கிட்டாலும் சொல்லுறதை, அப்பிடியே டொச்சில மாத்தி, திரும்பி வருவன் எண்டு சொல்லியிருக்கிறார். சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை. எப்பிடி இருக்கும்? தும்மினதை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?

திரும்ப வந்து கதிரையில இருந்து, அந்த மனுசனுக்கு விளக்கப்படுத்தினன். எங்கட ஆக்கள் வெளிக்கிடேக்க போறன் எண்டு சொல்லமாட்டினம். போறன் எண்டால் ஒரேயடியாய்ப் போறதெண்டு அர்த்தம். செத்த வீட்டில மட்டும்தான் சொல்லாமல் போறது. வாறன் எண்டால் வாறதெண்டு இல்லை, போறதுதான். அவர் தொலைபேசியை எடுத்துக் கீழ சீருடைக்காரரிட்டைக் கேட்டார், இந்த அம்மா உங்களிட்டையும் அப்பிடிச் சொன்னவவா எண்டு. கீழ இருந்து வந்த மறுமொழி எனக்கே கேட்டது. "ஒவ்வொரு நாளும் சொல்லுறா. சொன்ன மாதிரி வந்தும் நிக்கிறா."

அந்தக் கிழமை முடிய முதல் எங்கள் மூண்டு பேரையும் அவர் கூப்பிட்டார். சலவைக்கடைக்காரி கைப்பையை மடியில வைச்சு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்திருந்தா. கடையில அவ தனிய. புருசன் செத்தது முந்தின வருசம்தானாம். முறைப்பாட்டுக்குப் பிறகு மத்தியானத்திலயும் கதவைப் பூட்டி வைச்சுக்கொண்டுதான் ஸ்திரிக்கை போடுறவவாம். எனக்கு அவவில இரக்கப்பட விருப்பமில்லை, ஆனாலும் இரக்கம் வந்தது. அதுக்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

கம்பளிச் சட்டைக்காரர் எல்லாத்தையும் பொறுமையாய்ச் சொன்னார். அவ கேட்டுக்கொண்டிருந்தா. "அப்பிடியெண்டால் எனக்கு ஒண்டே ஒண்டு போதும்" எண்டா. "இவர் இப்ப எனக்கு முன்னால, தான் போறன், இனித் திரும்பி வரமாட்டன் எண்டு சொல்லட்டும். நான் முறைப்பாட்டை எடுக்கிறன்."

"அவ்வளவுதானே" எண்டார் கம்பளிச் சட்டைக்காரர், சந்தோசமாய்.

இவர் என்னைத் திரும்பிப் பாத்துத் தமிழில கேட்டார், "அதை எப்பிடியப்பா வாயால சொல்லுறது?"

"சொல்லித் துலையுங்கோ" எண்டன். "டொச்சுத்தானே. விசாவை நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ."

"கொழும்பில கப்பல் ஏறேக்க அம்மாவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இன்னும் போகேல்லை. அது தெரியுமே உமக்கு?"

எண்டாலும் நான் அசையேல்லை. இவ்வளவு கதவும் ஏறி இறங்கினது இதில விடுறதுக்கில்லை. "சொல்லுங்கோ" எண்டன் திரும்ப.

அவர் எழும்பி நிண்டார். அந்தப் பொம்பிளையைப் பாத்து, ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார். நான் போறன். நான் திரும்பி வரமாட்டன். அவ நன்றி சொன்னா, கையெழுத்தும் போட்டா. எங்களை வெளியில விடேக்க கம்பளிச் சட்டைக்காரர் இவருக்குக் கை குடுத்தார்.

அரச வழக்கறிஞர் வழக்கை மூடினார் எண்டு கொஞ்ச நாளில அறிவிச்சினம். வெளிநாட்டவர் கந்தோரில அதே பொம்பிளை, ஒண்டும் நடக்காத மாதிரி, பாஸ்போட்டில முத்திரை குத்தித் தந்தா. சோதனை தாண்டி அங்கால ஒரு வருசத்துக்கு. நான் அண்டைக்கு இடியப்பம் அவிச்சன்.

ஆனால் இவர் காலமையில வாறன் எண்டு சொல்லாமல் போகத் தொடங்கினார். எழும்புவார், தேத்தண்ணி குடிப்பார், சாப்பாட்டுப் பெட்டியை எடுப்பார், கதவு மெல்லச் சாத்துப்படும். முதல் நாள் மறந்திட்டார் எண்டு நினைச்சன். பேந்து விளங்கிச்சுது, அந்தச் சொல்லு அவற்ற வாயில வருகுதில்லை. நான் கேட்டால், "சொல்லிப் பழகினால் வெளியில டொச்சிலயும் வாய் தவறி வந்திடும் எண்டு பயமாக் கிடக்கு, விடும்" எண்டுவார். நாள் முழுக்கக் குசினியில எனக்குக் கை ஓடாது. சொல்லாமல் போன மனுசன் பின்னேரம் வீட்டை வந்து சேருமட்டும் நான் நானாய் இல்லை. இதுக்கோ நான் விசா வாங்கினனான் எண்டு இருந்தது.

ஒரு காலமை கதவு சாத்துப்பட்ட உடன எழும்பி ஓடினன். வீட்டுச் செருப்பு, இரவுச் சட்டைக்கு மேல கோட்டு. இவர் தரிப்பில நிண்டார். எதிரில சலவைக்கடை திறந்திருந்தது, அவ யன்னலுக்குள்ள ஸ்திரிக்கைப் பெட்டியோட நிண்டு எங்களைப் பாக்கிறா.

"என்ன, என்ன நடந்தது?" எண்டு பதறினார்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ."

"இஞ்சயோ? அவ பாக்கிறா."

"பாக்கட்டும். தமிழில சொல்லுங்கோ. அதை ஆர் கேக்கிறது எங்களிட்டை? சொல்லாட்டில் நான் பஸ்ஸில ஏறவிடமாட்டன்."

பஸ் வந்து நிண்டது. கதவு திறந்தது. இவர் படியில ஒரு காலை வைச்சார், திரும்பி என்னைப் பாத்தார்.

"வாறன்" எண்டார்.

"ஓம், வாங்கோ" எண்டன்.

பஸ் போட்டுது. பாஸ்போட்டில முத்திரை குத்தின அண்டைக்கு வராத அழுகை எனக்கு அப்பதான் வந்தது.