பக்கத்து வீட்டு வரி

எங்கள் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் அன்று வரி அலுவலகத்துக்குப் போனேன். ஆறு வருடச் சொத்து வரி பாக்கியாம். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்களாம். முதல் ஷிப்ட் முடிந்து நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் தெருவே அதைப் படித்துவிட்டிருந்தது. மத்திகிரியில் வீடு வாங்கியதிலிருந்து ஒரு வருடம்கூட வரி தவறாதவன் நான். ரசீதுகளை லாமினேட் செய்து வைத்திருக்கிறேன். உடம்பெல்லாம் எரிந்தது.

கவுண்டரில் இருந்த அம்மாவின் முன்னால் ஆறு ரசீதையும் விசிறிப் போட்டேன். "கட்டின பணம் எங்கம்மா போச்சு? கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சீங்களா?" வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று தண்ணீரை நிறுத்துவேன் என்றால் கோபம் வராதா? அந்த ஒரு விஷயத்தில் என் கோபம் நியாயம்தான் என்று இப்போதும் சொல்வேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு ரசீதை எடுத்துப் படித்தார்.

"உங்க வீடு எத்தனாம் நம்பர் சார்?"

"பதினாலு."

"இதுல பதினஞ்சுன்னு இருக்கே. ஆறுலயும் அப்படித்தான் இருக்கு. யார் வீட்டுக்குக் கட்டினீங்க?"

பக்கத்து வீட்டுக்கு. ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டி விற்ற புரோமோட்டர், வரி எண்களைச் சீட்டில் எழுதித் தரும்போது மாற்றித் தந்திருக்கிறான். இரண்டு எண்ணும் அவன் பெயரிலேயே இருந்தன. பத்திரம் பதிந்தால் வரியும் தானாக நம் பெயருக்கு வந்துவிடும் என்று நினைத்து, பெயர் மாற்றத்துக்கு நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. ரசீதில் அவன் பெயரைப் பார்த்தும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நூலளவு பிசகினாலும் பீஸை ரிஜெக்ட் செய்து, ஆப்பரேட்டரை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுக்கிறவன்.

"பதினஞ்சாம் நம்பர்காரர் சம்மதம்னு ஒரு லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார். பணத்தை உங்க வீட்டுக்கு மாத்தலாம்" என்றார் அந்த அம்மா.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்குப் பேச்சே இல்லை. வீட்டில் தெலுங்கு பேசும் உள்ளூர்க்காரர் அவர். தினமும் பைக்கில் கர்நாடகா பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர். போன மழையில் சாக்கடை பொங்கியபோது தெருக்காரர்கள் ஒரு மனு எழுதினோம். கையெழுத்துப் போட வந்தவர் பேச்சுவாக்கில், "நமக்கு வரி நோட்டீசே வர்றதில்ல சார், நான் எதுவும் கட்டினதில்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மனுவைப் பிடுங்கிக்கொண்டு, "வரி கட்டாதவன் கையெழுத்தெல்லாம் செல்லாது" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். மனிதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "லாமினேட் பண்ணத் தெரிஞ்சுது, ஒரு தடவை படிக்கத் தெரியலையா?" என்றாள். நீ போய்க் கேட்டு வா என்றதற்கு, "திட்டினது நீங்க. நீங்களே போங்க" என்றாள். அவள் மேலும் எரிந்து விழுந்தேன். பன்னிரண்டு நாள் வீம்பாக இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் லெட்டரை எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். இனி அந்த ஆறு வருட பாக்கி அவர் தலையில் விழும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார். லெட்டரை வாங்கி, வீட்டு எண் உட்பட, ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்தார். ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூடச் செய்யாத வேலை. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார்.

"போட்டுத் தர்றேன் சார். ஆனா, என் கையெழுத்து செல்லுமா?"