பூக்கட்டிப் பார்த்த இன்டர்வியூ

அமெரிக்காவில் புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற நான், மார்கழி விடுமுறைக்கு ராஜபாளையம் வந்து நாள் முழுக்கத் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டே பங்குச்சந்தையில் வியாபாரம் பண்ணும் ஒரு நிறுவனம் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே பகடையையும் நாணயத்தையும் வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், தாயம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கோ அந்தக் கோடைகால வேலை கிடைத்தே ஆக வேண்டும். படிப்பு விசாவில் இருப்பவள் நினைத்த இடத்தில் போய் வேலை பார்க்க முடியாது. இந்த இன்டர்ன்ஷிப் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, கோடை முழுவதும் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். அப்படி நடந்தால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

இன்டர்வியூ அன்று காலையில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆண்டாள் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் வேலை கிடைக்கும். பொட்டலங்களை வீட்டிலேயே மடித்து எடுத்து வந்திருந்தாள். குலுக்கிப் போட்டாள், எடுத்தேன், நந்தியாவட்டை. உறுதிக்கு இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவையும் வெள்ளை. நான் எடுக்காத பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சும்மா இருப்பேனா? பொட்டலத்துக்கு ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான் என்று ராஜபாளையம் வரும்வரை பாடம் எடுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உம் கொட்டினாள்.

சாயங்காலம் லேப்டாப் திரையில் வந்த மனிதர் நிதானமாகக் கேட்டார்: ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் பத்தும் தலை, பதினோராவதும் தலை விழ என்ன வாய்ப்பு? பாதி என்றேன். என்ன கெத்தாகச் சொன்னேன் தெரியுமா! நாணயம் ஒழுங்கானது என்று உங்களுக்கு யார் சொன்னது என்றார் அவர்.

எனக்குச் சுரீர் என்றது. மைக்கை அணைக்கவும் தோன்றாமல், "அம்மா, ரெண்டு பொட்டலத்துலயும் என்ன பூ வச்ச?" என்று கத்தினேன்.

"வெள்ளதான்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "இம்புட்டு முக்கியமான காரியத்தச் சாமி கையிலயா விடுவாக?"

அதற்குமேல் என்னத்தை மறைப்பது? நடந்ததை அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாணயத்தை எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று அடுத்துக் கேட்டதற்குத் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னேன்.

விடுமுறை முடிந்து நான் அமெரிக்கா போன பிறகு, வேலை கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். அப்புறம், அப்போ கோடைக்கு வர மாட்டியா என்று கேட்டாள். வர முடியாது என்றேன்.

"ஒண்ணுலயாவது செவப்பு வச்சிருக்கலாம்ட்டி" என்றாள்.