மேசை காய்வதற்குள்

தட்டை எடுத்ததும் மேசையைத் துடைக்க மாட்டார் கங்கையம்மாள். விரலைத் தண்ணீரில் நனைத்து, கோடுகளின் வரிசை பிசகாமல் ஒரு சீன எழுத்தை எழுதுவார். அது காயத் தொடங்கியதும் ஈரத்துணியால் ஓர் இழுப்பு. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினான்கு மேசைகள். ஆகவே காலைக்குப் பதினான்கு எழுத்துகள்.

வயது நாற்பத்தாறு. முசரவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார். எட்டாம் வகுப்போடு நாற்று நடப் போனவர். "பத்தாவது எழுதலாம்னு டுடோரியல் போனேன். இந்த வயசுலயான்னு சிரிச்சாங்கபா. இந்த சீன எழுத்தப் பாத்து சிரிக்கணும்னா அவங்களும் படிச்சாவணும் இல்ல?"

சொல்லிக்கொடுப்பவர் லியூ, சீனாவின் சூசோ நகரத்து இளம் பொறியாளர். விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். இருவருக்கும் நடுவில் கைப்பேசி மொழிபெயர்க்கும். ஒருநாள் தன் ஊரின் பழைய கல்விச்சாலையைப் படத்தில் காட்டினார். வானத்து நட்சத்திரங்களையே அங்கே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். அரசாங்கத் தேர்வில் நாட்டுக்கே முதலாக வந்தவர்கள் அந்த ஊரில் ஏராளமாம்.

"அதுல பொம்பளைங்க எத்தினி பேரு?"

கைப்பேசி சற்று யோசித்துவிட்டு, ஒருவருமில்லை என்றது.

"எங்க ஊருலயும் கடிகைன்னு பெரிய காலேஜ் இருந்துச்சாம் தம்பி. எங்கெங்கிருந்தோ வந்து படிச்சாங்களாம். எங்காளுங்கள மட்டும் வாசப்படி ஏற வுட்டிருக்க மாட்டாங்க."

கடிகையைப் பெருமையாகச் சொல்வதற்கும் திட்டுவதற்கும் அவரிடம் ஒரே குரல்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறு சென்னையில் சீன மொழித் தேர்வு, இரண்டாம் நிலை. நுழைவுச்சீட்டு நான்காக மடிந்து மணிபர்ஸில் கிடக்கிறது. அதே ஞாயிறுதான் முகூர்த்தப் பட்டு எடுக்க ஊரெல்லாம் வந்து இறங்கும். மேலாளர் சிவபாலன் டியூட்டி தாளை நீட்டினார்.

"எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு. நீ ஞாயித்துக்கிழமை வரலேன்னா திங்கக்கிழமையும் வராத. சீனாக்காரிக்கு இங்க இன்னா வேலை?"

"பேனா குடு சார்."

தன் பெயருக்கு நேரான கட்டத்தில் இரண்டு சீன எழுத்துகளை எழுதினார். அந்தக் கூடத்தில் அவர் சீன எழுத்தை மையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

"இதான் உன் கையெழுத்தா?"

"படிக்கத் தெரிஞ்சவங்கள கேளு சார்."

டீயோடு வந்த லியூ எட்டிப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியைத் தாளுக்கு மேலே பிடித்தார்.

"வர மாட்டேன்," என்று அது தெளிவான பெண்குரலில் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

சிவபாலன் வாயைத் திறப்பதற்குள் லியூவின் விரல் இரண்டாவது எழுத்தின் நடுக்கோட்டைத் தொட்டது. நீளம் போதவில்லை.

"ஆமாமா, குட்டையா இருக்குது" என்று பேனாவை மறுபடி எடுத்த கங்கையம்மாள், அந்தக் கோட்டைக் கட்டத்துக்கு வெளியே, தாளின் அடியில் மேலாளர் கையெழுத்திடும் இடம்வரை நிதானமாக இழுத்தார்.