மண்டபம் யாரு கேட்டா?

எம் பேத்தி கல்யாணத்துக்கு கள்ளக்குறிச்சில பெரிய மண்டபம் புடிக்கறதுன்னு பேச்சு. செலவு ரெண்டு வூட்டுக்கும் பாதிப் பாதி. எங்க பாதிக்காவ எம் புள்ள கறவ மாட்ட விக்க வெல பேசிட்டான். அந்தப் பாலுலதான் எங்க வூட்ல ஒலயே கொதிக்குது. "மாப்ள வூட்டுக்கு மண்டபம்தாம்மா கௌரதை, நீ வாயத் தொறக்காத"ன்னுட்டான்.

கூறப்பொடவ எடுக்க ரெண்டு வூட்டாரும் சின்னசேலம் போனோம். அந்தக் கடையில படி ஏறுனா சொர்க்கத்துக்கே போயிடலாம், அம்மாம் படி. மாப்ளயோட அம்மாவும் நானும் கீழயே உக்காந்துகினு கலரு குடிச்சோம். எனுக்கு வாயி சும்மா இருக்குமா? "ஏம்மா, அந்த மண்டபம் உங்க ஜனத்துக்குப் போதுமா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா மொகம் வாடிப்போச்சி. "மண்டபத்துக்காவ என் கம்மல அடகு வெக்கறோம் ஆயா. நீங்க ஆசப்படறீங்கன்னுதான் ஒத்துக்கினோம்."

"அடி என்னப் பெத்தவளே! நாங்க இன்னாத்துக்கு மாட்ட விக்கறோம்? நீங்க ஆசப்படறீங்கன்னுதான்!"

நாங்க சிரிச்ச சிரிப்புல மாடியிலேர்ந்து எல்லாரும் எறங்கி வந்துட்டாங்க. "மண்டபம் வேணாம். மலையடிவாரக் கோயில்ல தாலி, எங்க வூட்டாண்ட பந்தல்ல சாப்பாடு"ன்னு அங்கயே சொல்லிட்டோம். எம் புள்ளக்கி மூஞ்சி தெளிஞ்சிட்டுது.

கல்யாணம் சோக்கா நடந்திச்சி. சாம்பாருல உப்பு கொஞ்சம் கம்மி, அது வேற கத. கேட்டா மானம் போயிடும்னு பயந்துகினே ரெண்டு வூடும் கடனாளியா ஆவப் பாத்துச்சே! கேட்டதுல எனுக்கு எதுவும் போவல. பொட்டப்புள்ள பெக்காத எனுக்கு அந்தம்மா ஒரு மவளா கெடச்சா.