அலகுக்கு ஆகாத எண்ணெய்

கத்திக்காரியிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் அந்த நாற்றுப்பண்ணையில் யாரும் இல்லை. கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் கொட்டகையின் மூலையில் அவளுக்கென்று ஒரு மேசை. சாயங்காலம் ஒட்டுக்கட்டும் பெண்கள் தங்கள் மடக்குக் கத்திகளைத் தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். அதற்குமேல் கத்திகள் அவள் பொறுப்பு, திட்டு அவர்கள் பங்கு.

"இது வெங்காயம் நறுக்கின கத்தி, மோந்து பாத்தாலே தெரியுது. இது கால் நகம் வெட்டினது. யாருதுன்னு நான் சொல்லல, அவளுக்கே தெரியும்."

திட்டிக்கொண்டே வேலை நடக்கும். கத்தியை விரித்து, அலகு மடங்கும் இடத்து ஆணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். பிடியின் பிளவுக்குள் செடிப்பாலும் மண்ணும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். குச்சி முனையில் துணி சுற்றி அதை நோண்டி எடுப்பாள். பிறகு தையல் மெஷின் எண்ணெய், ஆணிக்கு ஒரு சொட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு. கத்தி முனகாமல் மடங்கும்வரை திறந்து மூடுவாள். கடைசியில் கசிந்ததையெல்லாம் ஒட்டத் துடைத்து, அலகை வெள்ளைத்தாளில் இழுத்துப் பார்ப்பாள். தாளில் கோடு விழுந்தால் மறுபடி துடைப்பாள். எண்ணெய் பட்ட அலகால் வெட்டினால் ஒட்டு பிடிக்காது, கன்று காய்ந்துபோகும்.

பண்ணையில் மற்ற வேலையெல்லாம் வெயிலில் குந்தி எழுந்து செய்கிற வேலை. அவள் முழங்கால் அதற்கெல்லாம் எப்போதோ கையை விரித்துவிட்டது. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த மேசைதான். இந்த உலகத்தில் ஒருத்தரும் மூக்கை நுழைக்காத இடம் என்று அவளுக்கு இருந்ததும் அது ஒன்றுதான். மேசையை அவள் நேசித்தாள். மனிதர்களை அவ்வளவாக இல்லை.

அந்த மனிதர்களிலும் அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாதவள் நாத்தனார், புருஷனின் தங்கை. போதாக்குறைக்கு ஒரே சுவர் ஒட்டிய பக்கத்து வீடு. துக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே நின்று, "இவ ஒழுங்கா பாத்துக்கிட்டிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பான்" என்று சொன்ன புண்ணியவதி. அன்றோடு பேச்சு நின்றது. போதாத காலம், தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த நாத்தனாரையே முதலாளி கொட்டகை மேற்பார்வைக்குப் போட்டார். ஒட்டுக்கட்டுவதில் அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள், மற்றவர்களையும் நேரத்துக்கு வரவைப்பாள்.

"அந்தம்மாவ மேசைய நகத்திப் போடச் சொல்லுங்க" என்பாள் நாத்தனார், காவல்காரரிடம்.

"நகத்த முடியாதுன்னு சொல்லுங்க" என்பாள் கத்திக்காரி, அதே காவல்காரரிடம்.

நடுவில் நின்ற மனுஷர், இதைத் திருப்பிச் சொல்லும் வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

மழைக்காலம் முடிந்து கட்டிய ஒட்டுகள் வரிசை வரிசையாகக் காய ஆரம்பித்தன. ஒருநாள் காலை, வேலை தொடங்கும் முன் முதலாளி கொட்டகைக்கு வந்தார். இளவயதில் தானே ஒட்டுக்கட்டியவர். தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்து விரித்து வெள்ளைத்தாளில் இழுத்தார். எண்ணெய்க் கோடு விழுந்தது. இன்னொன்றை இழுத்தார். அதிலும் அப்படியே.

"அலகு பூரா எண்ணெய். இது யாரு வேலை?"

கொட்டகையே மேசையைப் பார்த்தது. கத்திக்காரி எழுந்து வந்தாள். கத்தியை வாங்கி மோந்தாள். மெஷின் எண்ணெய்க்கு இந்த வாசம் கிடையாது. இது பலமுறை பொரித்த சமையல் எண்ணெய், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் அவள் மூக்கில் ஏறுகிற அதே நாற்றம். பகலெல்லாம் செடிப்பாலில் ஊறி வருவதால் சாயங்காலக் கத்திகளில் அது அவளுக்கு எட்டியதே இல்லை.

"இது என் எண்ணெய் இல்ல முதலாளி. எந்த வீட்டு எண்ணெய்னு வேணா சொல்றேன்."

நாத்தனார் முந்திக்கொண்டாள். "நான்தான் தடவினேன். தெனம் காலையில வந்து பாத்தா அலகெல்லாம் காஞ்சு கெடக்கும். துருப்பிடிச்சா பேரு கெடுறது எனக்கு. அதுக்குன்னே காய விடுறாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் இப்படின்னு கேக்க வேண்டியதுதானே?"

"அவங்ககிட்டயா?" என்றாள் நாத்தனார். முதலாளிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போல் இருந்தது அவள் பார்வை.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தி தொடைக்கிறது, ஒருத்தி தடவுறது. நடுவுல என் கன்னெல்லாம் போச்சு. சாயங்காலம் மணி அடிக்கிறதுக்குள்ள உக்காந்து பேசி, இனிமே எப்படின்னு ரெண்டு பேரும் சேந்து வந்து சொல்லுங்க. இல்லன்னா நாளைலேர்ந்து ரெண்டு பேருமே வர வேணாம்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்தார்கள். தப்பு செய்தவள் அவள், அவளே ஆரம்பிக்கட்டும் என்று கத்திக்காரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். வயதில் மூத்தவர் அவர், அவரே ஆரம்பிக்கட்டும் என்று நாத்தனார் கூரையைப் பார்த்தாள். மேசை கைவிட்டுப் போகிறது என்பது கத்திக்காரிக்குத் தெரியும். வெயிலும் முழங்காலும் நினைவுக்கு வந்தபோது பயமாகவே இருந்தது. ஒரு தரம் வாயைக்கூடத் திறந்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும், துக்க வீட்டில் பட்ட அவமானம் நெஞ்சில் ஏறி நின்றுகொண்டது. வாயை மூடிக்கொண்டாள்.

காவல்காரர் வந்து கெஞ்சினார். "ஒரே ஒரு வார்த்த பேசுங்கம்மா. கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவாயில்ல."

மணி அடித்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அதன் அர்த்தம் இருவருக்கும் விளங்கியது.

வெளிக்கதவைத் தாண்டி நாலடி வைத்ததும் நாத்தனாருக்குத் தாங்கவில்லை.

"அலகுக்கு எண்ணெய் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன அண்ணி?"

"ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னடி?"

"உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குக் கேக்கத் தோணும்?"

"உன் வாய்க்கு யாரு பதில் சொல்லுவா? அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி என்ன சொன்ன, இப்ப சொல்லு பாப்போம்."

சொன்னாள். பதிலுக்கு இவளும் சொன்னாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்த அத்தனையும் தெருத் தெருவாகக் கொட்டியது. ஜன்னல்கள் திறந்தன. எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். வீடு வந்த பிறகும் இரண்டு பேரும் உள்ளே போகவில்லை. அவரவர் வாசலில் நின்றபடி, தொண்டை கம்மக் கம்மப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாளைக்குச் சீக்கிரம் எழுந்து போக வேண்டிய வேலை இருவருக்கும் இல்லை.