பஞ்சும் ஒரு பிடி கடுகும்

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி வலிக்கவில்லை. அதனாலேயே அதைச் சும்மா விட்டுவைத்திருந்தேன். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு எழுபது தாண்டியிருந்தது.

"இந்த வயசுல ஆபரேஷன் வேணுமா டாக்டர்?" என்று கேட்டான் என் மகன்.

"வயச மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. உடம்பு தாங்கும். அம்மாவயே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எடுத்துடுங்க" என்றேன்.

இடது மார்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தபோது, ஆவடித் தொழிற்சாலையில் நான் சீருடை தைத்த கூடம் கண்ணுக்குள் வந்தது. ஆளில்லாமல் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. துணி வெள்ளமாக வந்து என்மேல் விழுந்தது, கனமே இல்லை.

பிறகு கதிர்வீச்சு. வாரக்கணக்கில் கணவரோடு மின்சார ரயிலில் போய்வந்தேன். திரும்பும்போது அம்பத்தூர் தாண்டினால் கண் செருகும். மாடிகளில் காயும் சேலைகள் தண்ணீருக்கடியில் அசைவதுபோலத் தெரியும். "எழுந்திரும்மா, ஆவடி வந்துடுச்சி" என்று அவர் தோளைத் தொடுவார்.

மருத்துவமனைப் பெஞ்சில் பூந்தமல்லிக்காரி ஒருத்தி பழக்கமானாள். என் வயதுதான். அவளுக்கும் ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். புர்காவைச் சரிசெய்தபடி ஒருநாள் காதோரம் கேட்டாள்: "இன்னாக்கா, உனக்கு ஒருபக்கமா இழுக்கல? உள்ள துணி வெச்சா மேல மேல ஏறிகினே கீது."

எனக்கும் அப்படித்தான். அன்று மாலையே பழைய பருத்திப் பாவாடையைக் கிழித்து மார்பளவில் ஓர் உறை தைத்தேன். இடது கை சரியாக எழும்பவில்லை. துணியைக் கணவர் பிடித்துக்கொண்டார். பஞ்சு அடைத்துப் பார்த்தால் கனம் போதவில்லை. அடியில் ஒரு பிடி கடுகு போட்டேன். மேலே ஏறாமல் நின்றது. அவளுக்கும் ஒன்று தைத்தேன்.

"தோல் ஆறினப்புறம் போட்டுக்க" என்று கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐய, நெசமாட்டமே கனமா கீதேக்கா!"

பெஞ்சே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதப் பரிசோதனையில், "ஒண்ணுமில்லம்மா, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். பூந்தமல்லிக்காரிக்குப் போன் செய்தேன்.

"எனக்கும் அதேதான் சொன்னாங்கக்கா. ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா. சும்மா பேசிகினு இருக்கலாம்."

போனேன். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். பேச நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு மேகம் நகர்கிறதா இல்லையா என்று இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.